மாதம்மா பார்த்த புள்ளியும் நான் போட்ட கையெழுத்தும்

தரப் பரிசோதனை என்பது, ஆயிரம் நல்ல பொருளைத் தொட்டும் ஒன்றைக்கூடப் பாராட்டாமல், கெட்டது எங்கே கெட்டது எங்கே என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்கும் தொழில். அச்சுப் பிழை திருத்துகிறவர்களே, பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களே, மாம்பழக் கூழ் ஆலையில் நின்று அழுகல் பொறுக்குகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். வீட்டுக்குப் போனாலும் நமக்கு விமோசனம் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணில் படுவதற்கு முன்னால் பந்தல்கால் சாய்ந்திருப்பது படும். தோசை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுப்போம். ஓரம் கருகியிருக்கிறது என்று வரும்.

நான் கோவில்பட்டிக்காரன். ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டி எஞ்சினுக்கு அலுமினிய வார்ப்புகளைக் கடைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபது வருஷமாகப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இப்போது ஷிப்ட் பொறுப்பாளர். பெரிய வேலை ஒன்றுமில்லை. பத்துப் பேர் கண் வலிக்கப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டின் அடியில் நான் கையெழுத்துப் போடுவேன். இந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வம்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மிஷின் பாஸ் செய்த பீஸ்

மாதம்மா எங்கள் பிரிவில் வேலை செய்கிறவர். ஊர் நாட்றாம்பாளையம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறி வீட்டுக்குப் போய் வருவார். ஒரு வார்ப்பைக் கையில் கொடுத்தால் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை திருப்புவார். பொட்டுத் துளையானாலும் மயிரிழை விரிசலானாலும் அவருக்குத் தப்பாது. நாங்களெல்லாம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அல்லாடுவோம்.

ஒரு நாள் கேமரா வைத்த பரிசோதனை மிஷின் வந்து இறங்கியது. பொருத்த வந்த இன்ஜினியர், இனி மனுஷக் கண்ணே தேவையில்லை என்று எம்.டி.யிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மிஷின் பச்சை விளக்குப் போட்டு அனுப்பிய வார்ப்புகளில் ஒன்றை மாதம்மா எடுத்துத் தனியாக வைத்தார். இன்ஜினியர் சிரித்தார். எம்.டி. அறுத்துப் பார்க்கச் சொன்னார். அறுத்தால் உள்ளே பட்டாணி அளவுக்குக் குழி. மேல்தோலில் நிறம் லேசாக மாறியிருந்ததாம். அறுத்த பிறகு விரல் வைத்துக் காட்டியும் எனக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார். மாதம்மா சொன்னது: "மிஷினுக்கு நீங்க எதைப் பார்க்கச் சொல்லிக் குடுத்தீங்களோ அதைத்தான் சார் பார்க்கும். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அதுக்கோசரம் எல்லாத்தையும் பார்க்கறேன்."

சமோசாவும் செவ்வாய்க் கிரகமும்

வருஷா வருஷம் கம்பெனியில் தர வாரம் கொண்டாடுவோம். உறுதிமொழி, கோலப்போட்டி, ஒரு சொற்பொழிவு, ஒரு சமோசா. அந்த வருஷம் சொற்பொழிவுக்கு வந்தவர் சாந்தலா மேடம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். ஓய்வு நேரத்தில் வானியல் குழு ஒன்றையும் நடத்துகிறார். தாய்மொழி கன்னடம். தமிழும் நன்றாகப் பேசுவார். உணர்ச்சி வசப்பட்டால் இரண்டும் கலந்து வரும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. சிறுகோள் என்று பெயர். இன்னும் யார் கண்ணிலும் படாதவை ஏராளம் என்றார். தொலைநோக்கி வானத்தில் ஒரே இடத்தைச் சில நிமிஷ இடைவெளியில் நாலு படம் எடுக்குமாம். நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும்; பாறை மட்டும் தம்மாத்தூண்டு நகர்ந்திருக்கும். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஓடவிட்டு நகரும் புள்ளியைத் தேட வேண்டும். பெரிய படிப்புத் தேவையில்லை, நல்ல கண் போதும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதம்மா எழுந்து நின்றார்: "நாலு போட்டோல ஒரு புள்ளி மாறியிருக்கா இல்லையான்னு பார்க்கணும், அவ்ளோதானே மேடம்? இங்க தினம் பார்க்கறது அதைவிடக் கஷ்டம்."

சுத்தமான ஆகாயம்

முதல் ஷிப்ட் மூன்றரைக்கு முடியும். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பயிற்சி அறைக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ள எம்.டி. அனுமதி கொடுத்தார். நானும் மாதம்மாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெளியே பட்டப்பகல், லாரி சத்தம். உள்ளே திரையில் கோடானுகோடி நட்சத்திரம். முதல் முறை அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சிலிர்ப்பு எதுவாக இருந்தாலும் புத்தி மாறுமா? எங்கள் பிரிவின் வேதவாக்கு, சந்தேகம் வந்தால் தள்ளு என்பது. கொஞ்சம் மங்கலான புள்ளியா, தள்ளு. கொஞ்சம் நீண்டிருக்கிறதா, லென்ஸில் தூசி, தள்ளு. ஒரு வாரம் இப்படி அலசி, 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிப் பெருமையாக அனுப்பி வைத்தோம். மறுநாள் சாந்தலா மேடத்திடமிருந்து போன். அதே படங்களில் வேறு ஊர்க் குழு ஒன்று இரண்டு சிறுகோள்களைப் பிடித்திருந்தது. மேடம் சொன்னது: "அய்யோ ராமா! உங்க ஃபேக்டரில குறை இருந்தா சரக்கு ஃபெயில் சார். இங்க குறைதான் சரக்கு!"

மூன்றில் இருந்தது, நாலாவதில் இல்லை

அடுத்த கட்டுப் படங்கள் வந்தன. ரிப்போர்ட் அனுப்பக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நாலரைக்கு மாதம்மா ஒரு மூலையைச் சுட்டிக்காட்டினார். மங்கலான ஒரு புள்ளி. முதல் படத்தில் இருந்தது, இரண்டாவதில் கொஞ்சம் தள்ளி இருந்தது, மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் தள்ளி. நாலாவதில் இல்லை. நான் தலையை ஆட்டினேன். நாலு முறை அளந்து மூன்று முறை வந்து ஒரு முறை வராவிட்டால் கருவியில் கோளாறு என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். விட்டுவிடலாம் என்றேன்.

மாதம்மா விடவில்லை. நாலாவது படத்தில் அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பிரகாசமான ஒரு நட்சத்திரம் இருந்தது. அதன் வெளிச்சத்தில் மறைந்திருக்கிறது என்றார். அது உன் அனுமானம் என்றேன். அவர் வீட்டு நிலத்திலிருந்து பார்த்தால் எதிர் மலைச்சரிவில் ரோடு தெரியுமாம். பஸ் ஏறி வருவது மூன்று வளைவில் தெரியும், நாலாவதில் தெரியாதாம். இதைச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அஞ்செட்டி பஸ்ஸு புளியமரத்துக்குப் பின்னாடி போச்சுன்னா, பஸ்ஸே இல்லன்னு வூட்டுக்குத் திரும்பிப் போயிடுவீங்களா சார்?"

கேக் வெட்டிய நாள்

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். எந்தப் படம், எந்த இடம், எவ்வளவு நகர்ந்தது எல்லாம் மாதம்மா சொல்லச் சொல்ல அடித்தேன். கடைசியில் கண்டுபிடித்தவர் பெயர் என்று ஒரு கட்டம். விரல் தானாகப் போய் என் பெயரை அடித்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை, சத்தியமாக இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே எந்த ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்திலும் பொறுப்பாளர் பெயர்தான். யார் பார்த்தார்கள் என்று எழுத எங்கள் காகிதத்தில் இடமே கிடையாது.

இரண்டு மாதம் கழித்துத் தகவல் வந்தது. வேறொரு தொலைநோக்கி அந்தப் புள்ளியைத் திரும்பப் பார்த்திருக்கிறது, புதிய சிறுகோள்தான், வருஷமும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த தற்காலிக அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தவர்: நான். வாசலில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கேண்டீனில் கேக் வெட்டினார்கள். எம்.டி. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் என் கையைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேக்கை ஊட்டிவிட்டார்கள். அந்த வாயை அப்புறம் நான் திறக்கவில்லை. அன்றைக்கு நான் கோழை, வேறு பெயர் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. தட்டில் இருந்த மீதிக் கேக் உள்ளே இறங்கவில்லை. எல்லோருடனும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்த மாதம்மா பக்கத்தில் வந்து சொன்னது: "சார், கேக் நல்லாருக்கு. உங்களுக்கு வேணாம்னா அதையும் குடுங்க."

லாரியும் பாறையும்

கல்லைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. தொலைக்காமல் இருப்பது மீதி வேலை. ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டால் அது கூட்டத்தில் கலந்து போய்விடுமாம். பாதை உறுதியானால்தான் நிரந்தர எண் கிடைக்கும். எண் கிடைத்தால்தான் பெயர். எங்கள் பாறை சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அளவு நம் ஓசூர்ச் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலையைவிடப் பெரியதாக இருக்கலாமாம். பூமியிலிருந்து நன்றாகத் தெரியும் காலம் ஏறக்குறையப் பதினாறு மாதத்துக்கு ஒரு முறை வரும். மற்ற நாளெல்லாம் சூரியனுக்குப் பின்னாலோ, பார்க்க முடியாத தூரத்திலோ கிடக்கும். அது திரும்ப வரவேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வமில்லை. அது தொலைந்து போனால் நான் செய்த தப்பைத் திருத்தும் வாய்ப்பும் அதோடு தொலைந்துவிடும் என்ற பயம் எனக்கு.

ஆனால் அது வந்தது. சொன்ன மாதத்தில், சொன்ன மூலையில், மயிரிழை பிசகாமல் வந்தது. ஒரு கையளவு புள்ளிகளை வைத்துக்கொண்டு, பல கோடிக் கிலோமீட்டர் தள்ளிப் போகிற ஒரு பாறை அடுத்த முறை எங்கே நிற்கும் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மனுஷ மூளையை எந்தத் தட்டில் வைத்துக் கும்பிடுவது? இரண்டாம் முறையும் வந்தது, மூன்றாம் முறையும் வந்தது. ஒவ்வொரு முறையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மூன்றாம் நோட்டீஸைப் படித்துவிட்டு எங்கள் டிஸ்பாட்ச் பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார்: "வருசம் கழிச்சு வர்ற கல்லுக்கு நேரம் சொல்றாங்க. காலைல கிருஷ்ணகிரி தாண்டின லாரி எங்க இருக்குன்னு எனக்குச் சொல்ல ஒருத்தன் இல்ல."

நாய்க்கும் இடமில்லை

நாலாம் முறையும் பார்த்த பிறகு நிரந்தர எண் வந்துவிட்டது. பெயர் முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு, அதாவது காகிதப்படி எனக்கு. சாந்தலா மேடம் விதிகளை அனுப்பினார். ஆங்கிலத்தில் பதினாறு எழுத்துக்குள், முடிந்தால் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். வியாபாரப் பெயர் கூடாது. அரசியல் தலைவர் என்றால் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். வளர்ப்புப் பிராணியின் பெயரை விரும்ப மாட்டார்கள்.

விதி வந்ததும் கேண்டீன் இரண்டுபட்டது. எம்.டி. கம்பெனிப் பெயரைத்தான் நினைத்திருந்தார். வியாபாரப் பெயர் கூடாது என்ற வரியைப் பார்த்ததும் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். யூனியன்காரர் தலைவர் பெயரைச் சொன்னார். நூறு வருஷம் காத்திருக்கத் தயார் என்றும் சொன்னார். மாந்தோப்பு வைத்திருக்கும் கணக்குப் பிரிவுக்காரர், மாவட்டத்துக்கே சோறு போடுவது 'பெங்களூரா' என்ற மாங்காய் ரகம்தான், அந்தப் பெயரையே வைப்போம் என்றார். கல் நம்முடையது, பேர் பக்கத்து மாநிலத்துடையதா என்று யூனியன்காரர் சண்டைக்குப் போனார். செக்யூரிட்டி அண்ணன் வாசலில் படுத்திருக்கும் தன் நாய் டைகரின் பெயரைப் பரிந்துரைத்தார். விதியைப் படித்துக் காட்டினேன். வருத்தப்பட்டார்: "மனுசன் பேரை வெச்சா நாலு பேர் கோவிச்சுக்குவான். டைகர் பேரை வெச்சா எவன் சார் கோவிப்பான்?"

திருத்தப் போன இடத்தில்

இத்தனை பேச்சிலும் மாதம்மா ஒரு பெயரும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு மேசைக்குப் போய்விடுவார். எனக்குத் தாங்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதை, அன்று மதியம் சாந்தலா மேடத்துக்குப் போன் செய்து கொட்டினேன். மேடம், "யாரு நோடிதவரு? பார்த்தது யாரு?" என்று கேட்டார். மாதம்மா என்றேன். திருத்தம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நான் பேசுகிறேன் என்றார். திட்டாமல் விட்டதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி.

கடிதத்தையும் விதித்தாளையும் கொண்டுபோய் மாதம்மா முன்னால் வைத்தேன். மன்னித்துவிடு தாயி என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் முதலில் காகிதத்தைப் பார்த்தார். வார்ப்பைத் திருப்புவது போல முன்னும் பின்னும் திருப்பினார். "அன்னிக்குக் கேக்கு உங்களுக்கு இறங்கலைன்னு பார்த்தேன் சார். கோவமா இருந்துச்சு, அதுக்கோசரம்தான் உங்களுதையும் சேத்துத் தின்னேன்" என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரபல்ல என்று அதில் இருந்தது. நானும் நாலு தடவை படித்த தாள்தான். என் கண்ணில் அது பட்டிருந்தால்தானே.

"அப்ப நான் கண்டுபிடிச்சேன்னு திருத்தினா, என் பேரு அங்க போகாது. நீங்க கண்டுபிடிச்சதாவே இருந்தா, நீங்க என் பேரை வைக்கலாம். சரிதானே சார்?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பெயருக்கான காரணம் எழுதும் இடத்தில், இந்தப் பாறையை முதலில் பார்த்தவர் மாதம்மா என்று பட்டவர்த்தனமாக எழுத வேண்டும். இது ஒன்று. நாளையிலிருந்து எங்கள் பரிசோதனை ரிப்போர்ட்டில் என் கையெழுத்துக்கு மேலே 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம் போட்டு, பார்த்தவர் பெயரை எழுத வேண்டும், தன் பெயர் மட்டுமில்லை, பத்துப் பேர் பெயரும். இது இன்னொன்று. அன்றைக்கே எம்.டி.யிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, கட்டத்துக்கு அனுமதி வாங்கிவந்தேன். திரும்பி வந்தபோது மாதம்மா திருத்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்து, தள்ளுபடி வார்ப்பு போடும் சிவப்புப் பெட்டியில் போட்டிருந்தார். நிஜமாகவே இது போதுமா, வருத்தம் இல்லையா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னது: "கண்டுபிடிச்சவங்க பேரு பேப்பர்ல ஒரு ஓரமா கெடக்கும் சார். வெச்ச பேரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிட்டாகணும்."

பெயர்க் குழு ஒத்துக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. அடுத்தவர் கண்ணுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டே ரிட்டயர் ஆகப்போகும் என் வாழ்க்கையில், நான் தப்பாகப் போட்ட ஒரே கையெழுத்துதான் இப்போது மாதம்மா என்ற சரியான பெயரோடு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறது.